இங்கே இல்லை

எங்குரி ஆற்றுக்கு இக்கரையில் எங்கள் மயானம்.
ஒவ்வொரு கல்லறையைச் சுற்றியும் இரும்பு வேலி,
உள்ளே ஒரு பெஞ்சு, சின்ன மேசை.
செத்தவரைப் பார்க்க வந்தவர்
நின்றுகொண்டா சாப்பிடுவார்?

ஈஸ்டருக்கு மறுநாள் ஊரே இங்கேதான்.
மஞ்சிட்டி வேரோடு கொதித்துச் சிவந்த முட்டையை
மண்மேட்டில் உருட்டுவோம்.
"கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்று மண்ணிடம் சொல்வோம்.
"மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்று
மண்ணுக்காக நாங்களே பதிலும் சொல்வோம்.
பிறகு ஒயின்,
அதற்குக் கொஞ்சம், எங்களுக்கு மீதி.

லாமாரா மட்டும் முட்டை உருட்டியதில்லை.
அவள் வேலிக்குள் கல் உண்டு.
கல்லில் ஜாபாவின் முகம் உண்டு, மீசையோடு.
பிறந்த ஆண்டு, பக்கத்தில் ஒரு சிறு கோடு.
கோட்டுக்கு அப்பால் ஒன்றுமில்லை.
கல்லுக்குக் கீழேயும்.

போர் முடிந்த இலையுதிர்காலத்தில்
பனிக்கணவாய் வழியே நடந்து வந்தவர்களில் நான் ஒருவன்.
"எங்கே விட்டாய்?" என்று அவள் கேட்டது ஒரே முறை.
அன்றிலிருந்து வருடாவருடம் அவள் வேலிக்குப்
பச்சை வர்ணம் அடிக்கிறேன்.
பதிலாக அது போதாதென்று
இரண்டு பேருக்கும் தெரியும்.

பட்டியலோடு வந்த அதிகாரிகள் சொன்னார்கள்: இங்கே இல்லை.
கைதிகளை மாற்றிக்கொண்ட பாலத்தில் சொன்னார்கள்: இங்கே இல்லை.
பிணவறைக் காவலாளி, சிகரெட்டை மறைத்துக்கொண்டு: இல்லையம்மா.
ஈஸ்டர் இரவில் பாதிரியார் பெசாரியோன்
கையில் மெழுகு சொட்டச் சொட்ட வாசிப்பார்:
"அவர் இங்கே இல்லை."
உடனே எல்லா மணிகளும் அடிக்கும்!

ஒரு வருடம் வாசலில் அவரை மறித்துக் கேட்டாள்:
"அந்தப் பெண்களுக்கு மூன்றாம் நாளே
தோட்டத்தில் ஆள் கிடைத்துவிட்டார்.
எனக்கு இது எத்தனையாவது நாள்?
உங்கள் தூதனைக் கேட்டுச் சொல்லுங்கள்."
அவர் பதில் சொல்லவில்லை.
அதனால்தான் அவர்மேல் எனக்கு மரியாதை.

ஆனால் இதையும் சொல்லியாக வேண்டும்:
இருபத்தாறு வருடம் அவள் கதவைத் தாழிட்டதில்லை.
அவன் பூட்ஸுக்குக் குளிர்காலந்தோறும் மெழுகு தேய்ப்பாள்.
அந்த வெற்றுக் குழி அவள் நெஞ்சில் அடித்த ஆணி.
அதே ஆணியில்தான் விளக்கையும் மாட்டியிருந்தாள்.

இந்தப் பிப்ரவரியில் ஒரு பெட்டி வந்தது,
தொட்டில் அளவுக்கு.
மகள் ஸிராவின் எச்சிலோடு ஒத்துப்போன எலும்புகள்.
காறையெலும்பில் ஒரு பழைய முறிவு;
அக்ரூட் மரத்திலிருந்து விழுந்தது.
அந்தக் கிளையில் நானும் இருந்தேன்.

குழி நிரம்பியது.
கோட்டுக்கு அப்பால் ஆண்டு ஏறியது.
அன்றிரவு அவள் வீட்டுத் தாழ் விழும் ஓசை
என் படுக்கைவரை கேட்டது.
முடிந்தது, என்று நினைத்துக்கொண்டேன்.

ஈஸ்டருக்கு மறுநாள், மழை விட்ட நேரம்,
இரண்டு முட்டைகளோடு வந்தாள்.
ஒன்றை உருட்டினாள்.
புது மண்; பாதி வழியில் ஒரு கட்டி தடுத்து
நின்றுவிட்டது. அவள் எடுக்கவில்லை.
"கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்றாள் மண்ணிடம்.
நான் வாய் திறந்தேன். கை உயர்த்தித் தடுத்தாள்.
பக்கத்து வேலியில் யாரோ வெங்காயம் நறுக்கினார்கள்.
ஒரு குழந்தை யாரோ ஒருவரின் கல்மேல் ஏறி இறங்கியது.
நெடுநேரம்.
பிறகு அவளே சொன்னாள்: "மெய்யாகவே."
அதில் மகிழ்ச்சி இல்லை.
கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் குரல்.

"உயிரோடு இருப்பான் என்று
யார் வேண்டுமானாலும் நினைக்கலாம், நுக்ஸார்.
எலும்பை எண்ணிப் பார்த்த பிறகும்..."
முடிக்கவில்லை.
மீதி முட்டையை என் முட்டையோடு மோதினாள்.
உடைந்தது என்னுடையது.

கிளம்பும்போது வேலிக் கதவை
இரண்டு முறை ஆட்டிப் பார்த்தாள்.
"வர்ணம் போதும். கீலுக்கு எண்ணெய் விடு.
அவன் எழுந்து வரும்போது
கிறீச்சிட்டு ஊரைக் கூட்டக் கூடாது."

அவள் சிரிக்கவில்லை.
நான் எண்ணெய் எடுக்கப் போனேன்.